சளி மாறிய பின்னும் மாறாத மூச்சு

"சளி மாறிட்டு, காய்ச்சலும் இல்ல. மூச்சுதான் இன்னும் சரியா வருதில்ல."

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து ஜனவரி, பெப்ரவரி வரும் நாட்களில் எமது கிழக்குக் கரையோர ஊர்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. ஆசிரியர் ஓய்வறையிலும் கிளினிக் வாங்கிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்பவருக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, "அது அப்பிடித்தான், போகப் போகச் சரியாகிடும்." மற்றையது, "வேற டொக்டர் ஒராளக் காட்டி இன்னொரு கோர்ஸ் அன்டிபயோட்டிக் எடுங்க." இரண்டு பதிலும் சில வேளைகளில் சரியாகவும் சில வேளைகளில் ஆபத்தாகவும் அமைந்துவிடுகின்றன. நெஞ்சில் கிருமித் தொற்று ஏற்பட்டு, அது அடங்கிய பின்னரும் வாரக்கணக்கில் மூச்சு ஏன் சங்கடப்படுத்துகின்றது, எதுவரை பொறுக்கலாம், எங்கே பொறுக்கக் கூடாது என்பதை மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டிருப்பவற்றைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன், வைத்தியன் அல்லன். ஆகவே மருந்தின் அளவு பற்றி இக்கட்டுரையில் எதுவும் இராது.

முதலில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது என் தொழில் என்பதற்காக மட்டுமல்ல, இந்த நோயில் சொல்லே பாதிச் சோதனை என்பதற்காகவும்தான். மூச்சு முட்டுது, மூச்சு வாங்குது, இளைக்குது, நெஞ்சு அடைக்குது, மூச்சு எட்டுதில்ல என்று நாம் சொல்பவை எல்லாம் ஒன்றல்ல. படியேறும்போது மூச்சு வாங்குவது வேறு; சும்மா இருக்கும்போதே மூச்சு எட்டாமல் இருப்பது வேறு. 'இளைப்பு' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. "மனிசன் நல்லா இளைச்சிட்டார்" என்றால் உடல் மெலிந்துவிட்டார். "இளைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது. 'தொய்வு', 'முட்டு' என்றால் நம்மவர்கள் ஆஸ்துமாவைத்தான் எண்ணுவார்கள். இந்தச் சொற்களோடு சிங்களம் பேசும் வைத்தியர் முன்னால் போய் நிற்கும்போது, கூடப் போனவர் எல்லாவற்றையும் சேர்த்து "ஹதிய" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஹதிய என்றால் அவர்கள் மனதில் முதலில் வருவது இழுப்பு. உடனே ஆவி மருந்து பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். நோயாளி சொல்ல வந்ததோ, "படுத்தா மூச்சு எட்டுதில்ல, எழும்பி இருந்தாத்தான் சுகம்" என்பது. அது சுவாசப்பையை விட இதயத்தையே சுட்டும் செய்தி. எங்கள் பகுதி வைத்தியசாலை ஒன்றில் இப்படி ஒரு மூதாட்டிக்கு மூன்று முறை ஆவி பிடித்து அனுப்பிய பிறகே, நான்காம் முறை, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கேட்டதால் விடயம் வெளியானது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சொல் போன இடத்தில் சிகிச்சையும் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவரின் இரு சுவாசப்பைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 480 மில்லியன் சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் வரும்; எமது பாடசாலை வகுப்பறைத் தரையை விடப் பெரிது. இவ்வளவு பரப்பிலும் காற்றுக்கும் குருதிக்கும் நடுவே மயிரிழையை விட மெல்லிய ஒரு சுவர்தான். நியூமோனியாவில் இச்சிற்றறைகள் நீராலும் சீழாலும் நிறைகின்றன. காற்று போகும் இடத்தில் திரவம் நின்றால் ஒட்சிசன் குருதியில் சேராது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் செத்த கிருமியையும் அதை எதிர்த்துச் செத்த வெண்குருதிக் கலங்களையும் அள்ளி வெளியேற்றும் வேலை உடம்பினுடையது. அதற்கு மாத்திரை கிடையாது. வெள்ளம் வடிந்த மறுநாளே வீடு காய்ந்துவிடாது என்பது எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுவாசக் குழாய்களின் உட்சுவரில் பிசிர்கள் உண்டு. ஒரு வினாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட தடவை அடித்து, சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருப்பவை அவை. வைரசுத் தொற்று இந்தப் பிசிர் கொண்ட கலங்களை உரித்துவிடுகிறது. புதியவை முளைத்து ஒழுங்காக அடிக்கத் தொடங்க வாரங்கள் செல்லும். அதுவரை சளியைத் தள்ள ஆளில்லை. இருமித்தான் தள்ள வேண்டும். ஆகவே காய்ச்சல் விட்ட பிறகு வரும் இருமல் பெரும்பாலும் நோய் மிஞ்சி நிற்பதன் அடையாளமல்ல, துப்புரவு வேலையின் சத்தம். பீடியும் சிகரட்டும் இந்தப் பிசிர்களை முடக்கிவிடுகின்றன என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். "நெஞ்சுச் சளிக்குச் சூடா இருக்கும்" என்று சொல்லி ஒன்றைப் பற்றவைக்கும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உரிந்த சுவரில் இன்னொரு தொல்லையும் உண்டு. நரம்பு முனைகள் வெளித்தெரிய, குழாய்கள் தொட்டாற்சிணுங்கியாகிவிடுகின்றன. சாதாரண நாளில் பொருட்படுத்தாத புகைக்கும் குளிருக்கும் வாசனைக்கும் அவை சுருங்கும். இருமல் எழும், நெஞ்சு இறுகும், சில வேளை விசிலடிக்கும். இந்நிலை ஆறு வாரம், எட்டு வாரம் வரை நீடிக்கலாம். இங்கே நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூடிய அறை, தலைமாட்டில் நுளம்புச் சுருள், குசினியில் விறகடுப்பு, வெள்ளி இரவானால் வீடு முழுக்கச் சாம்பிராணி. அறைக்குள் சாம்பிராணியைப் பிடித்துவிட்டு, "வாப்பாவுக்கு இரவில இருமல் கூடிட்டு" என்று சொன்னால் என்ன செய்வது? நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு இவற்றை நிறுத்தி வையுங்கள். நுளம்புக்கு வலை இருக்கிறது. வெண்கட்டி காலம் போய் வெண்பலகை வந்ததில் ஆசிரியர்களுக்கு ஒரு நன்மை உண்டென்றால் அது இதுதான். ஆனாலும் அதை அழிக்கும் தூளும் பேனை மையின் நெடியும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சாதாரண மூச்சுக்குழாய் அழற்சியில் இருமல் சராசரியாக 18 நாட்கள் நிற்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் மக்கள் எதிர்பார்ப்பதோ ஒரு வாரத்தை ஒட்டித்தான். இந்த இடைவெளியில்தான் தேவையற்ற இரண்டாவது, மூன்றாவது அன்டிபயோட்டிக் உள்ளே போகிறது. நியூமோனியாவுக்குப் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலில் ஒரு கால அட்டவணையே இருக்கிறது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். நான்கு வாரத்தில் நெஞ்சு நோவும் சளியும் நன்கு குறைந்திருக்கும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சு வாங்குதலும் பெருமளவு தணியும். மூன்று மாதத்தில் அநேகமாக எல்லாம் போய் களைப்பு மட்டும் மிஞ்சலாம். ஆறு மாதத்தில் பெரும்பாலானோர் பழைய நிலைக்கு வந்துவிடுவர். வயது போனவர்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இது இன்னும் இழுபடும். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டும் அப்படித்தான். ஆள் சுகமான பிறகும் படம் சுகமாகாமல் கிடக்கும்.

நாட்கணக்கை விட முக்கியமானது போகும் திசை. போன வாரத்தை விட இந்த வாரம் கொஞ்சம் தூரம் நடக்க முடிகிறதா, ஒரு தலையணை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மெதுவாகவேனும் சரியான பாதைதான். குறைந்து வந்தது திரும்பக் கூடினால், எந்த வாரமாக இருந்தாலும், அது வைத்தியரிடம் போக வேண்டிய விடயம்.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் சேர் ஒருவர் நியூமோனியாவில் கிடந்து எழும்பி வந்தபோது, எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் ஒரு பாடவேளை முழுக்கப் பேச முடியாமல் தடுமாறினார். நடு வசனத்தில் நின்று மூச்செடுத்தார். தொல்காப்பியரின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்றே எழுத்தொலி ஆகிறது என்கிறது. உயர்தர வகுப்பில் வருடாவருடம் அதைப் படிப்பித்து வந்தாலும், அவர் பேசியதைக் கேட்டபோதுதான் உந்தி என்று ஏன் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. நல்ல மூச்சு வயிற்றிலிருந்து வருவதுபோல் தோன்றக் காரணம் பிரிமென்றகடு. அது கீழிறங்கினால் வயிறு முன்தள்ளும். சுவாசப்பை அடிவரை நிறையும். படுக்கையில் கிடந்த நோயாளிக்கு இந்தத் தசையும் கால் தசைகளும் சேர்ந்தே தளர்கின்றன. பத்து நாள் படுக்கை வளர்ந்தவரின் தசைப் பலத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைத்துவிடும். தளர்ந்த தசை சிறு வேலைக்கும் கூடுதல் ஒட்சிசன் கேட்கும். ஆகவே சுவாசப்பை தேறிய பின்னரும் மூச்சு வாங்கும்.

அதோடு பயம் சேர்கிறது. மூச்சு எட்டாத அனுபவம் லேசில் மறக்காது. நோயாளி தன்னை அறியாமலே தோளை உயர்த்தி, மேல் நெஞ்சால், வாயால், அவசர அவசரமாக மூச்செடுக்கப் பழகிவிடுகிறார். அப்படி எடுக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், இன்னும் மூச்சு போதாதது போலத் தோன்றும். அதனால் மேலும் வேகமாக மூச்செடுப்பார். இதைக் கண்டு "மனப் பிரம்மை" என்று சொல்வது அநியாயம். சங்கடம் உண்மையானது, காரணம் மட்டும் வேறு.

இதற்குச் செய்யக்கூடியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கதிரையில் சற்று முன்னே சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தோளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து வயிறு கையைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். பிறகு, சுடுதேநீரை ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விடுங்கள். வெளியே விடுவதில்தான் கவனம் வேண்டும். உள்ளே போவது தானாகப் போகும். படியேறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல், அடியெடுக்கும்போது மூச்சை விடப் பழக வேண்டும். சளி ஒட்டிக்கொண்டிருந்தால் தொடர்ந்து இருமித் தொண்டையைப் புண்ணாக்க வேண்டாம். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து "ஹா" என்று இரண்டு தடவை பலமாக ஊதினால் சளி மேலே நகரும். நடையை வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடத்தில் தொடங்கிச் சில நாளுக்கொரு தடவை கூட்டலாம். நடக்கும்போது மூச்சு வாங்கலாம், ஆனால் கதைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. கணித சேர் இப்படித்தான் தேறினார். இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது.

உம்மாமாரின் வைத்தியத்தில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதிலும் இஞ்சித் தேநீரிலும் எனக்கு ஆட்சேபனை கிடையாது. சூடான நீர் சளியை இளக்கும். தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் தேன் கூடாது. வேது பிடிப்பது மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், ஆனால் சுவாசப்பையின் அடிக்கு அது போய்ச் சேர்வதில்லை. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளை நினைத்தால் சிறுவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

வைத்தியர் சில காலத்துக்கு இன்ஹேலர் எழுதினால் நம்மவர்கள் முகம் கறுத்துவிடும். "பம்ப் பிடிச்சா பிறகு விடேலாது, பழகிடும்" என்ற கதை ஊர் முழுக்க இருக்கிறது. உண்மையில், குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்து ஒரு தடவை உறிஞ்சும்போது 100 மைக்ரோகிராம்தான் வருகிறது. அதே மருந்து மாத்திரையாக 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆனாலும் நம்மவர் மாத்திரையைத்தான் நம்புகிறார்கள். நோன்பு காலத்தில் இன்ஹேலர் பற்றி உலமாக்களிடையே இரு கருத்து உண்டு. அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஸஹருக்கும் இப்தாருக்கும் பொருந்துமாறு மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று றமழானுக்கு முன்னரே வைத்தியரிடமும் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்க, சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டு மூச்சடைத்துக் கிடப்பது எதற்கு?

இதுவரை சொன்னது பெரும்பான்மையோரின் நிலை. மற்றவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரையால் தீங்கே விளையும். நவீன மருத்துவக் கல்வியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான வில்லியம் ஒஸ்லர், 1919ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நெஞ்சுத் தொற்றில் விழுந்தார். வாரங்கள் கடந்தும் அது தீரவில்லை. சுவாசப்பையைச் சுற்றிச் சீழ் கட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் திகதி, தனது 70ஆவது வயதில் காலமானார். நியூமோனியாவைப் பற்றிப் பாடநூல் எழுதிய மனிதர். அன்று அன்டிபயோட்டிக் இல்லை, இன்று இருக்கிறது. ஆனாலும் காய்ச்சல் விட்டுவிட்டுத் திரும்ப வருவதும், ஒரு பக்கம் நெஞ்சு நொந்து மூச்சு ஆழமாக எடுக்க முடியாமல் போவதும் இன்றைக்கும் அதே சீழையோ நீரையோ குறிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மேலே சொன்ன இரண்டு பொருளிலும் இளைப்பு: இவை இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாவட்டந்தோறும் அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். காசநோய் என்ற சொல்லுக்குப் பயந்து, குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று, தனியார் மருந்தகத்தில் இருமல் பாணி வாங்கிக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மறைக்கும் குடும்பங்களை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. மறைக்கும் மாதங்களில்தான் அந்தக் குமர்ப்பிள்ளைக்கே அது தொற்றுகிறது.

இதயத்தின் குரல் வேறு. படுத்தால் மூச்சடைத்து எழும்பி இருக்க வேண்டி வருதல், மாலையில் கணுக்கால் வீங்குதல், ருகூவுக்கோ செருப்பு மாட்டவோ குனிந்த மாத்திரத்தில் மூச்சு வாங்குதல் ஆகியவற்றை வைத்தியரிடம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வயிறு பெருத்தவருக்கும் குனிந்தால் மூச்சு வாங்கலாம்தான். ஆனால் அதைத் தீர்மானிப்பது நாமல்ல. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவருக்குத் திடீரென மூச்சு முட்டி, நெஞ்சு குத்தி, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் காலில் உறைந்த குருதிக்கட்டி சுவாசப்பைக்குப் போயிருக்கலாம். அது மணிக்கணக்கில் தீர்மானிக்க வேண்டிய அவசரம். பெண்கள் பலருக்குக் குருதிச்சோகை ஏற்கெனவே இருக்கும். மூச்சு வாங்குதலுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது அடிக்கடி மறந்துபோகும்.

கொரோனா காலத்தில் வாங்கி அலுமாரியில் போட்ட விரல்மானி பல வீடுகளில் இருக்கும். அமைதியாக இருக்கும்போது 95க்கு மேல் காட்டுவது வழமை. 92க்கு இறங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நகப்பூச்சு இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ அது பொய் சொல்லும். மானி இல்லாவிட்டால் கடிகாரம் போதும். வளர்ந்தவர் சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்செடுப்பார்; 25ஐத் தாண்டினால் ஆபத்து. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 40, அதற்குக் குறைந்த குழந்தைக்கு 50, இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு 60 என்பவை எச்சரிக்கை எல்லைகள். உதடு நீலம் பாரித்தல், ஒரு வசனத்தை முடிக்க முடியாமை, வயதானவர் திடீரென மாறாட்டமாகப் பேசுதல், சளியில் இரத்தம், பிள்ளையின் நெஞ்சு மூச்செடுக்கும்போது குழிவிழுதல் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய வண்டிக்குக் காசு இல்லை.

வைத்தியரிடம் போகும்போது, எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, எந்த மருந்து எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி தெரியாத இடமானால், தெரிந்த பிள்ளை ஒன்றைக் கொண்டு அதையே சிங்களத்தில் எழுதுவித்துக் கையில் கொடுங்கள். ஆறு வாரம் சென்றும் சங்கடம் நீடிப்பவர்களுக்கும், 50 வயது கடந்தவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இரண்டாவது எக்ஸ்ரே எடுக்குமாறு சொல்வார்கள். ஆறாத திட்டுக்குப் பின்னால் சில வேளை ஒரு கட்டி ஒளிந்திருக்கும் என்பதே அதற்குக் காரணம். முதல் எக்ஸ்ரேயை அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருப்பீர்கள்; அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் திட்டு கரைகிறதா வளர்கிறதா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.